வயலைப் பெயர்க்க முடியாது



வயலையும் வாய்க்காலையும் வரைபடத்தில் ‘காலி இடம்’ என்று குறித்த பொறியாளன் நான். 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோதுதான் என் தவறு உறைத்தது.

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை ஒரு எட்டு போய்ப் பாருங்க. லாரி பேக்கர் வடிவமைத்தது. கிராமத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். திண்ணை, முற்றம், நாட்டு ஓடு... என்ன குளுமை!

வீட்டைப் பெயர்த்து வரலாம். வயலைப் பெயர்க்க முடியுமா? அது இருக்கிற இடத்தில்தான் பிழைக்க வேண்டும். அதற்காகத்தான் நம்மாழ்வார், 2013-இல் மறையும்வரை, ஊர் ஊராக இயற்கை வேளாண்மையைச் சொல்லி வந்தார். உரக்கடையில் கடன் இல்லையென்றால், நிலத்தை விற்கும் அவசரமும் குறையும்தானே?

தம்பிகளே, மனை அளக்கப் போனால், வாய்க்கால் எங்கே ஓடியது என்று முதலில் ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.