மலைநிழலின் வண்ண வளையமும் வில்லையின் நுண்பள்ளமும்

ஹட்டனுக்கு அப்பால், தேயிலைச் சரிவுகளுக்கு மேல் 2,243 மீற்றர் உயர்ந்து நிற்பது சிவனொளிபாத மலை. கதிரவன் எழும் வேளையில் அதன் கூர்நிழல் மேற்கே மூடுபனியின்மீது விழும். சிலபோது அந்நிழலின் உச்சியைச் சுற்றி வண்ண வளையமொன்று தோன்றும். 1886ஆம் ஆண்டில் வானிலை அறிஞர் றால்ஃப் அபர்குரொம்பி மலையேறி இதனை ஆராய்ந்தார். நுண்ணிய நீர்த்துளிகளிற் படும் ஒளி அலைநீளத்துக்கு ஏற்பப் பிரிவதே அவ்வளையம்.

யாத்திரிகருக்கு விருந்தாகும் இப்பிரிவு, புகைப்பட வில்லை செய்வோருக்கு உறவும் ஆகும், பகையும் ஆகும். நேயர்களே, கண்ணாடிமேல் வட்டவட்டமாக நுண்பள்ளங்கள் அமைத்தால் அவையும் ஒளியைக் குவிக்கும். சாதாரண வில்லை நீலத்தை மிகுதியாக வளைக்கும். பள்ளவில்லையோ சிவப்பை மிகுதியாக வளைக்கும். இரண்டையும் சேர்த்தால் நிறப்பிசகு நீங்கும்; நீண்ட வில்லைத்தொகுதியும் குறுகும்.

ஆயினும் பள்ளத்தின் ஆழம் ஓர் அலைநீளத்துக்கே சரியாகப் பொருந்தும். 550 நானோமீற்றர்ப் பச்சைக்கு அமைத்த பள்ளம், 400 நானோமீற்றர் ஊதாவில் ஏறக்குறைய 60 விழுக்காட்டு ஒளியையே உரிய இடம் சேர்க்கும். எஞ்சியது வழிதவறிப் படத்தின்மேல் புகைபோற் படரும். நுவரெலியாப் பனியில், இருக்கிற மூட்டம் போதாதா?

பரிகாரம் இரண்டு அடுக்குகளில் உள்ளது. நிறத்துக்கு நிறம் ஒளிமுறிவு வெவ்வேறு அளவில் மாறும் இரு பொருள்களிற் பள்ளங்கள் எதிரெதிரே வைக்கப்படும். ஒன்று தரும் தாமதத்திலிருந்து மற்றது தருவது கழியும். எஞ்சுவது ஏறக்குறைய எல்லா நிறத்துக்கும் ஓர் அலைநீளமே. 2001இல் கனன் நிறுவனம் இம்முறையில் 400 மில்லிமீற்றர் வில்லையொன்றை விற்பனைக்கு விட்டது. பள்ளங்கள் ஆழமானதால், சாய்ந்து வரும் கதிர் அவற்றின் சுவர்களில் மோதிச் சிதறும் குறை நின்றது. 2014இல் வந்த வில்லையில் அடுக்குகளுக்கு இடைப்பட்ட வெளி அகற்றப்பட்டது. கதிரவனை நோக்கி எடுக்கும் படங்களில் வண்ணக்கறை அதனாற் குறைந்தது.