கரிசல் மண்ணின் கதைசொல்லி

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில், அம்பத்தூர் எஸ்டேட் ஷிப்டுக்குப் போகிறவர்களோடு காலையில் நின்றால், தெற்கத்திப் பேச்சு காதில் விழும். பேரிலேயே மண்ணை வைத்திருக்கிற ஊர் அது. அங்கே நிற்கும்போதெல்லாம் தெற்கத்திக் கரிசல் மண்ணை எழுதிய கி.ரா. நினைவு எனக்கு வரும்.

கோவில்பட்டி பக்கம் இடைசெவல். 1923-இல் பிறந்த கி.ராஜநாராயணன் அங்கே சம்சாரி, அதாவது விவசாயி. கரிசல் மண் மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணில் பாடுபட்டவர், முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார். பள்ளிப்படிப்பை முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் சாகித்ய அகாதெமி விருது. கரிசல் சனங்களின் பேச்சைத் திரட்டி ஒரு அகராதியும் தந்தார். ஒரு பல்கலைக்கழகத் துறையே செய்ய வேண்டிய வேலை அது!

அவருடைய 'கதவு' கதையை அவசியம் படியுங்கள். ஒரு ஏழை வீட்டுக் கதவுதான் பிள்ளைகளுக்கு வண்டி. ஏறி நின்று ஆடுவார்கள். தீர்வை பாக்கிக்காக அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாசல் திறந்தே கிடக்க, குளிர்காற்று உள்ளே வருகிறது. பல நாள் கழித்து, சாவடிப் பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கிறது அந்தக் கதவு. பிள்ளைகள் ஓடிப்போய் அதைத் தொட்டுத் தடவுகிறார்கள், முகத்தை வைத்து அழுத்திக்கொள்கிறார்கள்.