கோபத்தைப் பேசித் தீர்க்கலாம்

(மாங்குளத்தில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உங்களில் பலருடைய பெற்றோர் 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் நீங்கள் அதையும் இழந்து, முகாமில் இருந்து, மறுபடியும் வந்தீர்கள். நாங்கள் மலையில் லயத்திலேயே கிடந்தோம். இரண்டு பக்கத்துக்கும் ஒன்று பொது. பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அது கோபமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சம்பளத்தைப் பற்றி மேடையில் பேசுகிறோம். துரையிடம் காட்ட முடியாத கோபத்தை மனைவியிடமும் பிள்ளையிடமும் காட்டுவதைப் பற்றிப் பேசுவதில்லை. “அது வீட்டு விஷயம்” என்று விட்டுவிடுகிறோம்.

என்னையே சொல்கிறேன். பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசிவிட்டு வந்த அன்றைக்கே, கணக்குப் பிழைத்ததற்காக என் மகனை அடித்தேன். அவன் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டான். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

பிறகு தொலைபேசியில் உளவளத்துணையாளர் ஒருவரிடம் பேசினேன். லயத்துக் காம்பராவில் இருமினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். அவர் புத்திமதி சொல்லவில்லை. “கை ஓங்குவதற்கு முன் உடம்பில் என்ன தெரிந்தது?” என்று கேட்டார். காது சுடும், பல் இறுகும் என்றேன். “அதுதான் மணி அடிப்பது. அடித்ததும், அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள்” என்றார். தவறணைப் பக்கம் நடந்தால் கணக்கில் இல்லை.

ஒரே நாளில் மாறவில்லை. பல தடவை பேசினேன். மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் நான் சத்தம் போட்டால் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறான்.

2020 கொரோனா ஊரடங்கில் இந்தச் சேவை தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் பெருகியது. வெட்கப்பட்டு நேரில் போகாதவருக்கும், வேலை நாளை இழக்க முடியாதவருக்கும் இது நல்ல வழி. 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவும் பகலும் எடுப்பார்கள். அந்த நிறுவகம் அங்கொடையில் இருக்கிறது. அங்கொடை என்றால் நாம் கேலி பேசுவோம். உதவி கேட்பவனைக் கேலி செய்யும் அந்தப் பழக்கம்தான் பலரை வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. நேரில் பேச விரும்பினால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

ஆனால் தாய்மாரே, ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். அடி விழும் வீட்டில் கணவன் மனைவி இருவரையும் ஒரே தொலைபேசிக்கு முன் உட்கார வைத்து உண்மை பேசச் சொல்வது ஆபத்து. அவள் அங்கே பேசியதற்கு இரவில் அடி வாங்குவாள். அவள் தனியாகத்தான் பேச வேண்டும். 1938 பெண்களுக்கான இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கோபத்துக்கு ஆலோசனை உண்டு. அடிக்குச் சட்டம் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கக்கூடாது.

தனியாகப் பேச இடம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொரோனாக் காலத்தில் பாடம் கேட்க எங்கள் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினார்கள். அழுது பேச வேண்டிய ஒரு தாயையும் மலை ஏறச் சொல்ல முடியாது. ஆகவே சங்கம் கேட்க வேண்டியது இது: ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு குடியேற்றத்திலும் கதவு பூட்டக்கூடிய ஓர் அறை, அதில் ஒரு தொலைபேசி, மறுமுனையில் நம் தமிழில் பேசும் ஓர் ஆள்.

அது கிடைக்கும்வரை, வீட்டில் ஒருவர் “நான் கொஞ்சம் பேசிவிட்டு வருகிறேன்” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால், யாரோடு பேச்சு என்று கேட்காதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே நாம் செய்யக்கூடியது அது.