மறைந்தோர் நம்மிடம் விட்டுச்செல்லும் அமானிதம்



புகழனைத்தும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பின் நேயர்களே! இளைஞர்களே! பெற்றோர்களே!

மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒரு பெண்மணி இருந்தார். ஒரு நாள் அவரைக் காணவில்லை. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, அவர் மரணித்து அடக்கப்பட்டுவிட்டார் என்று தோழர்கள் கூறினர். ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று நபியவர்கள் கேட்டார்கள். தோழர்கள் அந்த மரணத்தைச் சிறியதொரு விடயமாக எண்ணிவிட்டனர் என்று அறிவிப்பாளர் குறிப்பிடுகிறார். நபியவர்கள் அப்பெண்ணின் கப்றைக் காட்டச் சொல்லி, அங்கு சென்று தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள சம்பவம் இது.

நேயர்களே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. அல்லாஹ்வின் தூதருடைய பார்வையில் எந்த மரணமும் சிறிய மரணம் அன்று.

இன்று நமது சமூகத்தில் ஒரு தலைமுறை மெல்ல மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணம் சோனகதெருவில் அந்நாள் ஒக்டோபர் 30. அன்று குடும்பப் பொறுப்பைச் சுமந்துகொண்டு நடந்த வாப்பாமாரும் உம்மாமாரும் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். புத்தளத்திலும் கல்பிட்டியிலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும், மீண்டு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்திலும் அவர்களுடைய மௌத்துச் செய்திகள் அடுத்தடுத்து நம் காதில் விழுகின்றன. செய்தி வந்தவுடன் கைத்தொலைபேசியில் ஒரு வரி எழுதுகிறோம். ஒரு படத்தைப் பகிர்கிறோம். மூன்றாம் நாள் மறந்துவிடுகிறோம். மறைந்தவரை நினைவுகூர்வது இவ்வளவுதானா? இக்கேள்வியை என் உள்ளத்தில் ஆழப் பதித்த ஒரு சம்பவத்தைக் கூற விரும்புகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்துக்கொள்கிறேன்; பிள்ளைகளின் விருப்பம் அது.

கடந்த ஆண்டு புத்தளத்தில் ஒரு முதியவர் மௌத்தானார். இடம்பெயர்வதற்கு முன் அவர் யாழ்ப்பாணத்தில் புடைவை வியாபாரம் செய்தவர். கடை இல்லை, சைக்கிளின் பின்னால் கட்டிய துணிப் பொட்டலமே அவரது கடை. ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை என்று காரைநகர் வீதி வழியே செல்வார். வீடு வீடாகச் சேலைகளைக் கொடுத்து, மாதத் தவணையில் பணம் சேர்ப்பார். அக்கிராமங்களில் சைவப் பெருமக்களே அதிகம். அவர்கள் அவரைப் "புடைவைக்கார நானா" என்று அழைத்தனர்.

ஜனாஸா அடக்கப்பட்ட சில நாட்களின் பின் அவருடைய மகன் என்னிடம் ஒரு பழைய கடன் கொப்பியைக் கொண்டுவந்தார். வெளியேறிய அந்நாளில் வீட்டையும் பொருட்களையும் விட்டு வந்த அம்மனிதர், இடுப்பில் செருகிக்கொண்டு வந்த கொப்பி அது. அதை எடுத்து வைத்திருக்க யாருக்கும் தேவை இருந்திருக்காது. ஊர் வாரியாகப் பெயர்கள், தொகைகள், தவணைகள் எழுதப்பட்டிருந்தன. ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் குறுக்கே ஒரு கோடு. கோட்டின் கீழ் "ஹலால்" என்ற ஒரே சொல். அதாவது, தமக்கு வர வேண்டிய கடன்களையெல்லாம் அவர் மனதார மன்னித்திருந்தார்.

ஒரேயொரு பக்கத்தில் மாத்திரம் கோடு இல்லை. சண்டிலிப்பாயைச் சேர்ந்த ஓர் அம்மாவின் பெயர், மகளின் கலியாணத்துக்கு இரண்டு சேலை, முற்பணம் 300 ரூபா, கொடுக்க வேண்டியது. அப்பக்கத்தின் அடியில் பிற்காலத்து நடுங்கிய கையெழுத்தில், தம் பிள்ளைகள் இதை நிறைவேற்ற வேண்டும் என்று வஸிய்யத் எழுதப்பட்டிருந்தது.

மகன் புத்தளத்தில் பிறந்தவர். சண்டிலிப்பாயை ஒருநாளும் கண்டவரல்லர். என்னையும் உடன் வரும்படி கேட்டார். இருவரும் சென்றோம். சந்தியில் ஒரு கடைக்காரரிடம் அம்மாவின் பெயரையும் அக்காலத்துக் குறிப்பையும் சொன்னோம். அவர் இன்னொரு முதியவரிடம் அனுப்பினார். அம்முதியவர் ஒழுங்கை ஒன்றைக் காட்டினார். அவ்வாறு விசாரித்து விசாரித்து அந்த வீட்டை அடைந்தோம்.

கதவைத் திறந்தவர் அந்த மகள். எந்தக் கலியாணத்துக்குச் சேலை சொல்லப்பட்டதோ, அக்கலியாணத்தின் மணமகள். இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர். அம்மா இரண்டு வருடங்களுக்கு முன் மோசம் போய்விட்டதாகச் சொன்னார். நாங்கள் வந்த காரணத்தைக் கூறி, கொப்பியின் பக்கத்தைக் காட்டினோம். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, அம்மா ஒருநாளும் அந்த நானாவைக் குறை சொல்லேல்லை. 'அவர் ஏமாத்திற மனுசன் இல்லை, வரேலாமல் போச்சு' எண்டுதான் கடைசி வரைக்கும் சொன்னவா. தொண்ணூற்றைஞ்சிலை நாங்களும் வீட்டை விட்டிட்டு நடந்தனாங்கள்தானே. அண்டைக்கு அம்மா சொன்னவா, 'நானாவும் இப்பிடித்தானே போயிருப்பார்' எண்டு."

நேயர்களே! 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யுத்தத்தின் காரணமாக வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர் என்பதை அறிவீர்கள். சரியாக ஐந்தாண்டுகள். வீதியில் நடந்த அந்நேரத்தில், சேலை கொண்டுவராத வியாபாரியை ஒரு தாய் நல்லெண்ணத்துடன் நினைத்திருக்கிறார்.

பணத்தை வாங்க அந்தச் சகோதரி முதலில் மறுத்தார். "நீங்கள் இதை எடுத்தால்தான் என் வாப்பாவின் பொறுப்பு நீங்கும்" என்று மகன் சொன்னபோது பெற்றுக்கொண்டார். 300 ரூபாவே கடன். அதனுடன் இரண்டு சேலைகளை மகன் தன் விருப்பப்படி சேர்த்துக் கொடுத்தார். நிபந்தனையின்றிக் கடனை அழகிய முறையில் தீர்ப்பது நபிவழி. தேநீர் தந்தார், குடித்தோம். புறப்படும்போது, "நானாவை எங்கை அடக்கினது?" என்று கேட்டார். புத்தளத்தில் என்றோம். "இஞ்சை கொண்டு வந்திருக்கலாமே" என்றார். மகன் பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் மானிப்பாய் வரும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்பின் நேயர்களே! மறைந்தோர் நம்மிடம் சில அமானிதங்களை விட்டுச்செல்கின்றனர். நினைவுகூர்தல் என்பது அந்த அமானிதங்களை நிறைவேற்றுவதே. அவற்றுள் நான்கினை இங்கு கூறுகிறேன்.

முதலாவது, கடன். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்டு என்று கூறப்பட்டதும், தோழர்களைத் தொழுவிக்கச் சொல்லித் தாம் விலகி நின்றார்கள். அபூ கதாதா (ரழி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுகை நடத்தினார்கள். இன்று நாம் மூன்றாம் நாளிலும் நாற்பதாம் நாளிலும் எத்தனை சஹன் சோறு என்று கணக்குப் பார்க்கிறோம். மையித்தின் கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர் எத்தனை பேர்? வாரிசுகள் சொத்தைப் பங்கிடுவதற்கு முன் கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட வேண்டும் என்பது அல்குர்ஆனின் கட்டளை. கடன் கொடுத்தவர் எம்மதத்தவர் என்பது இங்கு கேள்வியன்று. உரிமை உரிமைதான்.

இரண்டாவது, உண்மையான நற்சாட்சி. நபியவர்களுக்கு அருகால் ஒரு ஜனாஸா கடந்து சென்றது. மக்கள் அவரைப் புகழ்ந்தனர். இன்னொன்று சென்றது; மக்கள் இகழ்ந்தனர். இரு தடவையும் நபியவர்கள் "கடமையாகிவிட்டது" என்ற பொருளில் கூறி, முதலாமவருக்குச் சுவர்க்கமும் மற்றவருக்கு நரகமும் என்று விளக்கி, பூமியில் நீங்கள் அல்லாஹ்வின் சாட்சிகள் என்ற கருத்தையும் சொன்னார்கள். ஆகவே, சாட்சி சொல்பவர் பொய் சொல்லலாகாது. இல்லாத பட்டங்களைச் சூட்டி இரங்கல் எழுதுவதும் பொய்யே. மறைந்தவரின் குறைகளைக் கிளறுவதோ நபியவர்கள் தடுத்த காரியம். நாம் கண்ட நன்மையை, கண்ட அளவில், உள்ளபடி சொல்ல வேண்டும். சண்டிலிப்பாயில் ஒரு தாய் பல்லாண்டு காலம் சொல்லிவந்த அந்த ஒரு வாக்கியத்துக்கு முன், நாம் அச்சிடும் வண்ணச் சுவரொட்டிகள் எம்மாத்திரம்?

மூன்றாவது, மறைந்தவரின் நட்பு. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும், நபியவர்கள் ஆடறுத்தால் அன்னாரின் தோழியருக்கு ஒரு பங்கை அனுப்பி வைப்பார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் மக்காவுக்குச் செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைச் சந்தித்தபோது, தாம் ஏறிச் சென்ற கழுதையையும் அணிந்திருந்த தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்தார்கள். காரணம் கேட்கப்பட்டது. அம்மனிதரின் தந்தை, தம் தந்தை உமர் (ரழி) அவர்களின் நண்பராக இருந்தார் என்பதே பதிலாக இருந்தது. இளைஞர்களே! உங்கள் வாப்பாவின் நண்பர்கள் யார்? எந்தக் கிராமத்தில், எந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள்? அவர்களுள் எத்தனை பேர் தமிழ்ச் சகோதரர்கள்? வாப்பா இருக்கும்போதே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அவர் போன பின் அறிந்து சொல்வார் இல்லை.

நான்காவது, முற்றுப்பெறாத நன்மை. மனிதன் மரணித்தால் மூன்று வழிகளைத் தவிர அவனது அமல்கள் நின்றுவிடுகின்றன: நிலையான தர்மம், பயனளிக்கும் கல்வி, அவனுக்காகப் பிரார்த்திக்கும் ஸாலிஹான பிள்ளை. நம் மண்ணில் இதற்கு ஓர் உதாரணம் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, குர்ஆன் மத்ரஸாவிலும் பின்னர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக 1948 முதல் 1961 வரை பணியாற்றியவர். வறிய மாணவருக்காக 1945இல் அவர் முன்னின்று ஆரம்பித்த முஸ்லிம் கல்விச் சகாய நிதியினால் எத்தனையோ பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர். 1973இல் அவர் மறைந்தார், நன்மை மறையவில்லை. எல்லோராலும் நிதியம் அமைக்க இயலாது. ஆனால் வாப்பாவின் பெயரால் ஓர் ஏழை மாணவனுக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்க எல்லோராலும் இயலும்.

கப்று தூரத்தில் இருக்கிறதே என்று கவலைப்படுவோர் உண்டு. முன்னோரின் மையவாடி யாழ்ப்பாணத்தில். பெற்றோரின் கப்று புத்தளத்தில். 2020இல் கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்ற விதியினால் உற்றாரின் கப்றையே காணாத குடும்பங்களும் நம் நாட்டில் உள்ளன. 2021 மார்ச் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கப்பட்டோரின் குடும்பங்களும் தொலைவிலிருந்தே துஆச் செய்தன. அவர்களுக்கு ஆறுதலாக ஒன்றைச் சொல்கிறேன். அபீஸீனியாவில் நஜ்ஜாஷி மன்னர் மரணித்தபோது, நபியவர்கள் மதீனாவில் நின்று அவருக்காகத் தொழுதார்கள். துஆவுக்குத் தூரம் இல்லை.

இறுதியாக, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வஸிய்யத் செய்ய வேண்டிய விடயம் உள்ளவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்பது நபிமொழியின் கருத்து. இன்றிரவே ஒரு கொப்பியை எடுங்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரை மன்னித்துவிட்டீர்கள், யார் உங்கள் நண்பர், பிறந்த வீடு எந்த வீதியில் என்று எழுதுங்கள். இளைஞர்களே, எழுத முடியாத முதியோர் அருகில் அமர்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஒவ்வொரு மஹல்லாப் பள்ளிவாசலிலும் மௌத்தானோரின் பெயர், தொழில், அடக்கப்பட்ட இடம், செய்த நன்மை ஆகியவற்றைப் பதியும் ஓர் ஏடு இருக்கட்டும். அதில் பள்ளியைக் கூட்டியவரின் பெயரும் தலைவரின் பெயரும் ஒரே அளவான எழுத்தில் இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்களுக்கு முன் ஈமானுடன் சென்றவர்களை மன்னிப்பாயாக! ஊரிலும் இடம்பெயர்ந்த மண்ணிலும் துயில்வோரின் கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக! அவர்கள் விட்டுச்சென்ற அமானிதங்களை நிறைவேற்றும் பாக்கியத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.