பிள்ளைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்!



2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நம் கரையோரங்களை அழித்தது. 2009 மே மாதத்தில் வன்னிப் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அன்று குழந்தைகளாயிருந்தோர் இன்று தாமே பெற்றோராகும் பருவத்தினர். அவர்கள் கண்டவற்றை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய துயர் கண்ட பிள்ளை மீண்டெழுவது எங்ஙனம் என்பதே நம்முன் உள்ள வினா.

காலம் ஆற்றும் என்று ஒதுங்குவோர் உளர். காலம் தனியே ஆற்றுவதில்லை. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எமி வேர்னர் என்னும் அறிஞர் நாற்பது வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பக் குலைவும் சூழ வளர்ந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் நன்னிலை எய்தினர். அவர்களுக்கு வாய்த்த துணைகளுள் முதன்மையானது எது? தாயோ அம்மம்மாவோ ஆசிரியரோ, கைவிடாத பெரியவர் ஒருவர்!

ஆகவே, கமக்காரப் பெருமக்களே, இப்பணிக்குப் பட்டம் வேண்டியதில்லை. விடியலில் எழுப்புங்கள், பள்ளிக்கு அனுப்புங்கள், மாலையில் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் கட்ட உடன் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் அதே ஒழுங்கைக் காணும் பிள்ளை, உலகம் மறுபடியும் நிலைகொண்டது என்று நம்பத் தொடங்கும். வெடியோசைக்கு நடுங்கினால் நகையாதீர்கள். படுக்கையை நனைத்தால் அடியாதீர்கள். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் குலைந்திருப்பின் மருத்துவமனையின் உளநலப் பிரிவை நாடுங்கள். வெட்கம் எதற்கு? கால் முறிந்தால் மறைப்போமா?

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கூடி ஓவியம் தீட்டினர், கதை புனைந்தனர். அதுவும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில்! வாய் சொல்ல மறுப்பதைக் கை சொல்லும்.

இனி, அரசியற் பணியாளருக்கு ஒரு சொல். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், சிறுவரிடம் நடத்தும் முதல் விசாரணையின் ஒளிப்பதிவையே சாட்சியமாக ஏற்க இடமளிக்கிறது. குறுக்கு விசாரணை எஞ்சுவது வேறு விடயம். பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தல் தீது எனச் சட்டமே உணர்ந்திருக்க, கூட்டத்துக்குக் கூட்டம் ஒலிபெருக்கி முன் நிறுத்தித் தந்தை மாண்ட கதையைச் சொல்லச் செய்வது எந்த நீதி? கைதட்டல் நமக்கு, அன்றிரவின் கனவு பிள்ளைக்கு! நம் கோரிக்கையை நிறுவ ஆவணங்கள் உள்ளன. வளர்ந்தோர் சாட்சியம் உள்ளது. பிள்ளை தானாகப் பேச வந்தால், வீட்டுத் திண்ணையில், அது விரும்பும் வேளையில், செவிகொடுப்போம்.

வரவிருக்கும் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் பாதிக்கப்பட்ட சிறுவர் உரை என ஒன்று இருப்பின், அதனை நீக்கிவிடுமாறு கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.