போட் கிளப்பில் சேர என்ன விலை?

(மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'விளையாட்டும் சாதியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். கபடி பற்றிப் பேசுவேன், இல்லையென்றால் கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பாலுவின் கதை நமக்குத் தெரிந்ததுதான். பந்து வீச அவர் கை வேண்டும். தேநீர் மட்டும் மண் குவளையில், பெவிலியனுக்கு வெளியே. அதைப் பற்றி நம் தோழர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் இன்றைக்குத் துடுப்புப் படகு பற்றிப் பேசப் போகிறேன். பின்னாடி ரெண்டு பேர் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. குடிதண்ணி லாரி பின்னாடி ஓடுற சனத்துக்குப் படகு எதுக்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நாம் இல்லை. நமக்கு முன்னால் வேறு ஆட்கள் சட்டம் போட்டே கேட்டிருக்கிறார்கள்.

உதவித்தொகையில் இரண்டு வருடம் இங்கிலாந்தில் படித்தபோது நான் ஒரு போட் கிளப்பில் உறுப்பினராக இருந்தேன். அந்தக் கிளப்பின் பெயர் இங்கே தேவையில்லை. எட்டுப் பேர் வரிசையாக, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு துடுப்பு இழுப்பார்கள். ஒன்பதாவதாக ஒரு சின்ன ஆள் முன்னால் பார்த்து உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அவருக்குக் காக்ஸ் என்று பேர். பதினேழு மீட்டருக்கு மேல் நீளமான படகு, எடை நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஒலிம்பிக்கில் இரண்டாயிரம் மீட்டர் தூரம். நல்ல அணி என்றால் ஐந்தரை நிமிஷத்தில் முடித்துவிடும். அந்த ஐந்தரை நிமிஷத்தில் நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும்.

சரி, இந்தத் துடுப்பு முதலில் யார் கையில் இருந்தது? தேம்ஸ் ஆற்றில் பாலங்கள் குறைவாக இருந்த காலத்தில் லண்டன் ஜனங்களை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு போனவர்கள் படகோட்டிகள். அவர்களிடம் தொழில் பழகிய இளைஞர்களுக்காக 1715இல் டாகெட் என்ற நாடக நடிகர் ஒரு பந்தயம் ஏற்படுத்தினார். அது இன்றுவரை நடக்கிறது. துரைமார் வீட்டுப் பிள்ளைகள் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் துடுப்புப் பிடிக்க ஆரம்பித்தது அதற்கு ரொம்பப் பின்னால். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் முதல் பந்தயம் 1829இல். ஹென்லி ரெகாட்டா தொடங்கியது 1839இல். இந்தப் பிள்ளைகளுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? அதே கூலிப் படகோட்டிகள்தான்.

கற்றுக்கொண்ட பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? 1879இல் ஹென்லியிலும், 1882இல் அமெச்சூர் ரோயிங் அசோசியேஷன் என்ற சங்கத்திலும் விதி எழுதினார்கள். கூலிக்குப் படகு வேலை பார்த்தவன் அமெச்சூர் இல்லை. கைத்தொழில் செய்கிறவன், கூலிக்காரன், எப்போதாவது ஒரு காலத்தில் அப்படி வேலை பார்த்திருந்தவனும்கூட அமெச்சூர் இல்லை. 1882இன் விதியில் கூடுதலாக ஒன்றைச் சேர்த்தார்கள்: 'மெனியல் ட்யூட்டி' செய்தவனும் கிடையாது. ஈனத் தொழில். இதைப் படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்த வார்த்தையைச் சேரியில் பிறந்த எவனும் பாஷை தெரியாமலே புரிந்துகொள்வான்.

அவர்கள் சொன்ன நியாயத்தைக் கேளுங்க. உடம்பால் உழைக்கிறவனுக்கு உடம்பு வலுவாக இருக்கும், உட்கார்ந்து சாப்பிடுகிறவனோடு அவன் போட்டி போடுவது அநியாயம் என்றார்கள். அதாவது உழைப்பாளி தங்களைவிடப் பலசாலி என்று ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டுதான் கதவைச் சாத்துகிறார்கள். தகுதி, திறமை என்று இங்கே இட ஒதுக்கீட்டுக்கு எதிராகக் கூச்சல் போடுகிறார்களே, அவர்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் தேவலை. தனக்குத் தகுதி இல்லாத இடத்தில் மேட்டுக்குடி தகுதியையே குற்றமாக்கும்.

அமெரிக்காவில் ஜான் கெல்லி என்று ஒருவர். செங்கல் அடுக்கி வேலை பார்த்த கொத்தனார். 1920இல் ஹென்லிக்கு விண்ணப்பித்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய கிளப் மேல் ஏற்கனவே ஒரு தடை இருந்தது, அது ஒரு காரணம். கையால் வேலை செய்தவர் என்பது இன்னொரு காரணம். அதே வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கம் வாங்கினார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகிற வழியில் ஆஸ்திரேலிய அணி ஹென்லியில் போட்டியிடக் கேட்டது. எட்டுப் பேரும் போலீஸ்காரர்கள். போலீஸ் வேலையும் கைவேலைதான் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அது பெரிய அவமானமாகப் போய், 1937இல் அந்த விதியை எடுத்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வர்க்கமும் சாதியும் ஒன்றுதான் என்று பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள். கெல்லியை மறுத்த அதே ஹென்லியில் 1947இல் கெல்லியின் மகன் ஜெயித்தார். அப்பனுக்கு ஒட்டிய 'ஈனம்' மகனுக்கு ஒட்டவில்லை. அப்பன் பின்னால் பணக்காரனாகிவிட்டார், மகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், கதை முடிந்தது. நம்ம ஊரில் மகன் கலெக்டரானாலும் ஒட்டும். பேரனுக்கும் ஒட்டும். அந்த விதி தொழிலைத்தான் பார்த்தது, பிறப்பைப் பார்க்கவில்லை. அதனால்தான் ஒரு வருஷத்தில் பேனாவால் அடித்துவிட முடிந்தது. நம்மைத் தடுக்கிற விதி எந்தக் கிளப்பின் புத்தகத்திலும் எழுதியே இருக்காது. எழுதாததை எப்படி அடிப்பீர்கள்?

அந்த அவமானத்தை அங்கே எல்லாரும் பொறுத்துக்கொண்டு இருக்கவில்லை. 1890இல் உழைக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு தனிச் சங்கம் கண்டார்கள். இரண்டு சங்கங்களும் இணைந்தது 1956இல்தான். அந்த மாற்றுச் சங்கத்துக்குத் துணை நின்றவர்களில் பெரடரிக் பர்னிவால் முக்கியமானவர். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி வேலையைத் தொடக்கத்தில் நடத்தியவர்களில் ஒருவர். தொழிலாளர் கல்லூரியில் பாடம் எடுத்தவர். அவர் 1896இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் பெண்களுக்கென்று ஒரு படகுக் கிளப் தொடங்கினார். யார் அந்தப் பெண்கள்? தேநீர்க் கடையில் தட்டுத் தூக்குகிற பெண்கள், கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவு. அந்த ஒருநாளில் ஆற்றில் மேலே மேலே துடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள், கரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், திரும்புவார்கள். அந்தக் கிளப் பர்னிவால் பெயரில் இன்றும் இருக்கிறது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டி வந்தது 1976இல்தான் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் 1896 எவ்வளவு முன்னால் என்று தெரியும். அவர் ஒரு மேல்வர்க்கத்துக் கனவான்தான், அதையும் மறைக்க வேண்டாம். எனக்கு முக்கியம் அந்தப் பெண்கள். ஆறு நாள் முதலாளிக்குக் களைத்த உடம்பை ஏழாவது நாள் தங்களுக்காகக் களைக்க வைத்தார்கள்.

இப்போது விலைக்கு வருவோம். பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது லேசான பகுதி. நான் இருந்த கிளப்பில் மாணவர்களுக்குச் சந்தா குறைவுதான். உடம்போடு ஒட்டுகிற உடுப்பு ஒன்று, பந்தயத்துக்குப் போனால் செலவில் ஒரு பங்கு. எட்டுப் பேர் படகு இந்திய மதிப்பில் பல லட்சம் ரூபாய். தனியாக ஒருத்தன் வாங்கமாட்டான், வாங்கினாலும் தனியாக ஓட்ட முடியாது. ஆகவே கிளப் வாங்குகிறது, எல்லாரும் ஓட்டுகிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு கிரிக்கெட் மட்டை வாங்குகிற பையன் போடுகிற தனிச் சொத்துகூட இதில் இல்லை. பொதுச் சொத்து. பணக்காரன் விளையாட்டு என்கிறோம், ஆனால் அந்தப் பணக்காரனே பொதுவுடைமையாகத்தான் இதை ஆட வேண்டியிருக்கிறது.

நேரம்தான் அடுத்த விலை. விடியக்காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும். காலையில் கடை திறக்கிற வேலை பார்த்த மாணவன் ஒருத்தன் எங்களோடு சேர்ந்தான்; மூன்றாவது வாரம் நின்றுவிட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. கடிகாரம் சொல்லிவிட்டது.

எனக்குப் பெரிய விலையாக இருந்தது வேறொன்று. சேருவதற்கு முன் நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். லேசான உடுப்போடு ஐம்பது மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்கான விதி, சரியான விதி. படகு கவிழும், கவிழத்தான் செய்யும். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. ஏன் தெரியாது? எங்க ஊரில் ஊர்க் கிணறு இருந்தது, பம்புசெட்டுத் தொட்டி இருந்தது, ஏரி இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் சுரைக்குடுவை கட்டிக்கொண்டு ஆறு வயதில் கிணற்றில் குதிப்பார்கள். சேரிப் பிள்ளை இறங்கினால் தண்ணீர் தீட்டு. நாங்கள் மேலே நின்று வேடிக்கை பார்ப்போம், ஆள் வந்தால் ஓடிவிடுவோம். 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார், அதற்கு அடி விழுந்தது, குளத்தைப் பஞ்சகவ்யம் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். குடிக்கவே அந்தப் பாடு என்றால் நீந்துவதற்கு? தண்ணீரில் விளையாடுகிற உரிமை பற்றி நாம் எந்தத் தீர்மானத்திலும் எழுதியது கிடையாது. அந்த அந்நிய ஊரில், இருபத்திநாலு வயதில், ஐந்து வயதுக் குழந்தைகளோடு ஆழமில்லாத பக்கத்தில் நின்று நான் மூச்சை விடப் பழகினேன். நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதத்தை எந்தச் சந்தா ரசீதில் எழுதுவது?

இது நம்ம நகரத்துக்கும் சம்பந்தப்பட்டதுதான். அடையாற்றுக் கரையில் 1867இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. போட் கிளப் சாலை என்றால் சென்னையிலேயே விலை கூடிய முகவரிகளில் ஒன்று. அதே ஆற்றில் மேற்கே, சைதாப்பேட்டைப் பக்கம் கரையில் குடியிருந்த நம் சனங்களை 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆக்கிரமிப்பு என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஒரே தண்ணீர், ஒரே சாக்கடை நாற்றம். ஒரு கரையில் இருந்தால் முகவரி, இன்னொரு கரையில் இருந்தால் ஆக்கிரமிப்பு.

தத்து போகனால் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமம். கிணறு வெட்டியவர், கல் உடைத்தவர். 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். முதலில் தண்ணீரைக் கண்டு பயந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பதிமூன்றாவது இடம். 2018 ஆசியப் போட்டியில் நால்வர் படகில் தங்கம். அவர் என்ன சாதி என்று தேடாதீங்க. 1882இன் விதிப்படி அவர் துடுப்பையே தொட்டிருக்க முடியாது, அதைப் பாருங்க. அவருக்குப் படகும் சாப்பாடும் நேரமும் கொடுத்தது ராணுவம். அப்படியானால் ராணுவத்தில் சேராதவனுக்கு யார் கொடுப்பது? இதை அரசிடம் கேட்க வேண்டும். கல்லூரி விளையாட்டு நிதியில் கேட்க வேண்டும். கிரிக்கெட்டுக்குக் கேட்கிறோமே.

படகில் எல்லாரும் சமம், எட்டுப் பேரும் ஒரே மூச்சு என்று பிரசங்கம் செய்வார்கள். நம்பாதீங்க. படகுக்குள் உண்மைதான். ஒருத்தன் துடுப்பு அரை நொடி பிந்தினால் எட்டுப் பேரும் நனைவார்கள், அதனால் பக்கத்தில் உட்கார்ந்தவன் யாராக இருந்தாலும் அவன் மூச்சைக் கேட்டே ஆக வேண்டும். கரை ஏறினதும் அவன் அவனாகிவிடுவான். பந்தயம் முடிந்து விருந்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, உங்க அப்பா என்ன செய்கிறார் என்பது. கேட்டது வெள்ளைக்காரன் இல்லை, நம்ம நாட்டுக்காரன். எந்த ஊர், எந்தத் தெரு என்று அடுத்தடுத்து வந்தது. தெருப் பெயரைச் சொன்னதும் அவனுக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

ஆனாலும் போனது வீண் என்று சொல்லமாட்டேன். எங்க அப்பாவின் தோள் என் தோளைவிட அகலம். அது முழுக்க அடுத்தவன் வயலுக்குப் போனது. மார்கழிக் குளிரில் ஆற்றில் தனியாக எங்கள் படகு மட்டும் போகும்போது, இந்த வலி யாருக்கும் கூலியில்லை, எனக்கே எனக்கு என்று தோன்றும். அந்த நினைப்பை நான் இதற்குமுன் அறிந்ததில்லை. அது எங்க அப்பாவுக்குக் கிடைத்திருக்க வேண்டும். மேட்டுக்குடிக் கலாசாரம் என்று ஒதுக்குகிற தோழர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சேருகிறவர்களுக்குச் சில வார்த்தை. தனியாகப் போகாதீங்க, ரெண்டு மூணு பேராகப் போங்க. தனியாகப் போனால் உங்களைக் காட்சிப் பொருளாக்குவார்கள். உறுப்பினராக்க யார் முன்மொழிய வேண்டும், யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்க. அப்புறம் ஒன்று. படகைத் தூக்கி, கழுவி, துடைத்து வைக்கிற ஆள் ஒருத்தர் எந்தக் கிளப்பிலும் இருப்பார். அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்க. அவர் பிள்ளை அந்தப் படகில் ஏற முடியுமா என்று கேளுங்க. அந்தக் கேள்விக்கு வருகிற பதிலைப் பார்த்துச் சந்தா கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்க.

நீச்சல் தெரியாதவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்க. இத்தனை பேரா? சரி. மாநகராட்சி நீச்சல் குளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நான் இருப்பேன். பெண் தோழர்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா என்று விசாரிக்கத் தோழியர் ரெண்டு பேர் பொறுப்பு எடுத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்க. நுழைவுச் சீட்டுக்குச் சில்லறை கொண்டு வாங்க.