கூழில் கை போட விடுங்கள்!

(தலைப்பு: ஓடி ஓடி உழைக்கும் வீட்டில் பிள்ளைகளின் பொழுது இனிப்பது பெற்றோர் செய்யும் ஏற்பாட்டினாலா? பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுவதாலா? ராயப்பன்பட்டி மேடையில், ‘ஏற்பாட்டினாலே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் இருந்துகொண்டே எங்கள் அணிக்கு வேண்டிய கருத்துகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு அமர்ந்திருக்கிற அருமை நண்பர்களே! திராட்சைப் பந்தலில் வேலையை முடித்து, அவசர அவசரமாகக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ராயப்பன்பட்டிப் பெரியோர்களே, தாய்மார்களே! ‘இவரு எப்ப முடிப்பாரு, நாம எப்ப மேடைக்கு முன்னால ஓடிப் பிடிச்சு விளையாடலாம்’ என்று காத்திருக்கிற குழந்தைகளே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா ரொம்ப அழகாகப் பேசினார்கள். ‘எங்க காலத்துல எங்களை யாருங்க பார்த்தா? காலையில வெளிய போனா பொழுது சாய வருவோம். பம்பரம் விட்டோம், கிளித்தட்டு விளையாடுனோம், வாய்க்கால்ல குதிச்சோம். நாங்க எங்க இருக்கோம்னு எங்க அம்மாவுக்கே தெரியாது. கெட்டா போயிட்டோம்?’ என்று கேட்டார்கள். நீங்கள் எல்லாம் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

அம்மா, உங்கள் அம்மாவுக்குத்தானே தெரியாது? உங்கள் அப்பத்தாவுக்குத் தெரியும்! (சிரிப்பு) திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே தெருவையே கண்காணித்தார்களே, அந்த அப்பத்தாவுக்குத் தெரியும். எதிர்வீட்டு அத்தைக்குத் தெரியும். வாய்க்கால் பக்கம் மாடு பத்திக்கொண்டு போன மாமாவுக்குத் தெரியும். ‘ஏப்பா, இன்னார் மகன்தான நீ? தண்ணி நிறைய போகுது, மேல ஏறு’ என்று அதட்ட உரிமை உள்ளவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். உங்களை யாரும் உங்கள் போக்கில் விடவில்லை அம்மா. ஊரே ஓர் ஏற்பாடாக இருந்தது. மீன் தண்ணீரைப் பார்க்காதது போல, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். (கைதட்டல்)

இன்றைக்கு அந்த அப்பத்தா எங்கே இருக்கிறார்கள்? சின்ன மகன் வீட்டில், திருப்பூரில். இல்லை என்றால், அறுபது வயதில் அவர்களே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள்.

நடுவர் அவர்களே, ‘ஓடி உழைக்கும் பெற்றோர்’ என்றதும் சென்னையில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்களைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து விடியக்காலையில் ரோட்டில் நின்று பாருங்கள். இருட்டுப் பிரியும் முன்னால் ஜீப் வந்துவிடும். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. கம்பம்மெட்டு ஏறி, குமுளி ஏறி, கேரளத்து ஏலக்காட்டில் காய் எடுத்துவிட்டு, பொழுது அடைய வீடு திரும்புகிற தாய்மார்கள். இவர்களைவிட ஓடுகிற பெற்றோர் யார் இருக்கிறார்கள்? ஜீப் கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அது எழுந்திருக்கும்போது அம்மா மலை மேலே இருப்பாள்.

1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதினார்கள். நல்ல சட்டம். ஆனால் தினம் மலை ஏறி இறங்குகிற தாய்க்கு அது எப்படி உதவும்? காப்பகம் மலைக்கு மேலே, பிள்ளை மலைக்குக் கீழே!

அந்த வீட்டில் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் என்ன நடக்கும்? எதிரணி நண்பர்கள் இதைச் சொல்லவே இல்லை. இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, செல்போன் பிள்ளையை வளர்க்கும். அதை நான் விரிக்கவில்லை. உங்கள் வீட்டில் ஒரு வாய் சோற்றுக்கு எத்தனை வீடியோ ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் நான் பேச வந்தேன். யாரும் திட்டம் போடாத வீட்டில், தானாக ஒரு திட்டம் உருவாகும். அந்தத் திட்டத்துக்குப் பெயர் மூத்த பொம்பளைப் பிள்ளை! (நீண்ட கைதட்டல்)

பதினோரு வயதுப் பாப்பா. அவள்தான் தம்பியை எழுப்புகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், தங்கச்சிக்குச் சடை பின்னுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். தம்பி? தம்பி அவன் போக்கில் இருக்கிறான். பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்கள்? ‘பிள்ளைன்னா இவ பிள்ளை. ஆத்தா மாதிரி வீட்டைப் பார்த்துக்கிறா.’ இது பாராட்டா அய்யா? ஆத்தா மாதிரி இருக்க ஆத்தா இருக்கிறாளே. அவள் பதினோரு வயதுப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டாமா? அவள் பாண்டி ஆடுவது எப்போது? ‘இன்னைக்கு வீட்டுல வேலைங்க டீச்சர்’ என்று அவள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நிற்கிற நாளை யார் எண்ணுகிறார்கள்?

அதனால்தான் ஏற்பாடு வேண்டும் என்கிறோம். ‘ஆறு மணிக்குப் பால், ஆறேகாலுக்கு இந்தி, ஆறரைக்குக் கராத்தே’ என்று பிள்ளையை ரயில்வே அட்டவணை ஆக்குவதை நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் போடுவதல்ல ஏற்பாடு, வீட்டுக்குப் போடுவது.

ராயப்பன்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு வருஷத்தில் ஐந்து வெள்ளாமை எடுக்கிற கெட்டிக்காரர்கள் நீங்கள். எதிரணி நண்பரிடம் ஓர் ஏக்கர் கொடுங்கள். கொடியை அதன் போக்கில் விடட்டும். என்ன கிடைக்கும்? தழை கிடைக்கும், ஆட்டுக்குப் போடலாம்! (சிரிப்பு) கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் ஏற்றி, கவாத்து பண்ணினால்தான் நாலு மாதத்தில் குலை தொங்கும். அதற்காக எந்தத் திராட்சைக்காரராவது பந்தலுக்குக் கீழே நின்று பழத்தை வாயால் ஊதிப் பெரிசாக்குகிறாரா? பந்தல் போடுவது நம் வேலை. பழுப்பது பழத்தின் வேலை. அதே பந்தலுக்குள் மருந்தடிக்கிற நாளில், ‘விளையாடட்டும், அவன் போக்கில் விடு’ என்று பிள்ளையை விடுவீர்களா?

இப்போது ஒரு கதை. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்று ஒரு பகுதி. தொழிலாளர்கள் குடியிருந்த பெரிய பெரிய கட்டடங்கள். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத குஞ்சு குளுவான்கள் படிக்கட்டில் உருண்டு, சுவரில் கிறுக்கித் திரிந்தன. கட்டட முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். மாதாமாதம் வெள்ளையடிப்பதைவிட, ஓர் அறையைக் கொடுத்து ஓர் ஆளைப் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது லாபம்! அதற்கு ஒரு பெண் டாக்டரை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-இல் அந்த அறை திறந்தது. அந்த டாக்டர்தான் மரியா மாண்டிசோரி. இன்றைக்கு ஊருக்கு ஊர் போர்டு தொங்குகிற மாண்டிசோரிப் பள்ளிக்கூடம் பிறந்தது பணக்கார வீட்டில் அல்ல. நம் ஜீப் தாய்மாரைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்காகப் பிறந்தது.

அந்த அம்மா அங்கே நல்ல நல்ல பொம்மைகளையும் வைத்தார்கள். பிள்ளைகள் அவற்றைப் பெரிதாகச் சீண்டவில்லை. எதைத் தேடிப் போனார்கள் தெரியுமா? கூட்டுவது, துடைப்பது, மேசையில் தட்டு வைப்பது, சூப்பைச் சிந்தாமல் கொண்டுபோய்ப் பரிமாறுவது. நிஜமான வேலை, ஆனால் பிள்ளைக் கைக்கு அடங்கும் அளவு. அதில்தான் அந்தப் பிள்ளைகள் மெய்மறந்து நின்றார்கள். அதே மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் வந்துவிட்டது, ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை எங்கே இருந்தார்? கொடைக்கானலில்! நம் பெரியகுளத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை. அங்கேயும் பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பள்ளி நடத்தினார்.

இதை ரோமாபுரியிலிருந்துதான் படிக்க வேண்டுமா? வள்ளுவர் என்ன சொன்னார்? பிள்ளை தன் சின்னக் கையால் அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்றார். எல்லோரும் அமிழ்தத்தைப் பிடித்துக்கொண்டு உரை எழுதினார்கள். நான் கூழைப் பார்க்கிறேன். பிள்ளை கூழில் கை போட்டிருக்கிறது என்றால், யாரோ போட விட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ‘ஏய், தள்ளிப் போ, கொட்டிருவ’ என்று விரட்டவில்லையே! நாம் என்ன செய்கிறோம்? மூன்று வயதில் தானாக விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளையை ‘போடா, போய் டிவி பாரு’ என்று துரத்துகிறோம். பதின்மூன்று வயதில் ‘ஒரு துரும்பை நகர்த்துறானா பாருங்க’ என்று ஊரெல்லாம் புலம்புகிறோம். (கைதட்டல்)

சரி அய்யா, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று நடுவர் கேட்கிறார். காலை எட்டு மணிக்கு எந்த வீட்டிலும் மூன்றே கேள்விதான். ‘என் சாக்ஸ் எங்க?’ ‘என் டிபன் பாக்ஸ் எங்க?’ ‘என் வண்டிச் சாவி எங்க?’ மூன்றாவது கேள்வியைக் கேட்கிறவருக்குப் பெயர்தான் குடும்பத் தலைவர்! (பலத்த சிரிப்பு) இந்த மூன்று கேள்வியையும் முதல் நாள் ராத்திரியே முடித்துவிட வேண்டும். ஆளுக்கு ஓர் ஆணி, ஆளுக்கு ஒரு பை. யூனிபாரமும் நோட்டும் சாவியும் படுப்பதற்கு முன்னால் அங்கே போய்விட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் தன் பையைத் தானே மாட்டும். ஆணியை அது எட்டுகிற உயரத்தில் அடியுங்கள், அவ்வளவுதான்!

நாள்காட்டித் தாள் தினம் ஒன்று கிழிக்கிறோம் இல்லையா? அதன் முதுகு சும்மாதானே இருக்கிறது. ஜீப் ஏறும் முன்னால் அம்மா அதில் இரண்டு வரி எழுதி வைக்கலாம். ‘சட்டியில் குழம்பு இருக்கிறது. கோழியை அடைத்துவிடு. மழை வந்தால் துணியை எடு.’ அம்மாவுக்கு எழுத வராதா? ராத்திரி அம்மா சொல்ல, பிள்ளை எழுதட்டும். சாயங்காலம் பிள்ளை பதில் எழுதட்டும். ‘கோழி அடைத்தாச்சு. ஒண்ணைக் காணோம்.’ (சிரிப்பு) அம்மா வந்து அதைப் படித்துச் சிரிப்பாள் அல்லது கோழியைத் தேடுவாள். பகலெல்லாம் முகம் பார்க்காத இரண்டு பேர் பேசிக்கொண்டார்களா இல்லையா?

வேலையைப் பிரிக்கும்போது ஒன்றே ஒன்றுதான் முக்கியம். வாரா வாரம் மாற வேண்டும். இந்த வாரம் பாத்திரம் அக்காவுக்கு என்றால் அடுத்த வாரம் தம்பிக்கு. ‘ஆம்பளப் பய பாத்திரம் கழுவுறதா?’ என்று கேட்கிற அப்பா இருந்தால், அதற்கடுத்த வாரம் அவருக்கு! (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்) அடுப்பும் ஆழத் தண்ணீரும் மட்டும் யாருடைய முறையிலும் வரக்கூடாது. அது பெரியவர்கள் பொறுப்பு. சண்முகாநதி அணைக்கும் ஆற்றுக்கும் துணைக்கு ஆள் இல்லாமல் பிள்ளை போகக்கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கோடை லீவில் கிணற்றிலும் ஆற்றிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த செய்தி பேப்பரில் வராத வருஷம் எது?

வேலை முடிந்ததும் விளையாட்டு. ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும். ஐந்து கூழாங்கல், ஒரு ஜோடி தாயக்கட்டை, சாக்பீஸ், பம்பரம், ஒரு படி புளியங்கொட்டை. பதினாலு குழியைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டாலே பல்லாங்குழி தயார். எடுத்து எடுத்துப் போட்டு எண்ணும்போது பிள்ளைக்குக் கணக்கு தானாக வரும். ஒரு ரகசியம் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். தாயக்கட்டையைப் பரணில் ஒளித்து வைத்து ஒரு மாதம் கழித்து எடுங்கள். புதுசு மாதிரி பாய்வார்கள். அந்தப் பரணிலேயே சாப்பாட்டு நேரத்தில் செல்போனையும் தூக்கிப் போடலாம். அப்பாவின் போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

அரசாங்கமே இந்த வழியில்தான் வந்திருக்கிறது. பசித்த பிள்ளையை அதன் போக்கில் விடக்கூடாது என்று 1956-இல் காமராசர் மதிய உணவு போட்டார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கிவைத்தார். ஐந்து மணிக்கு ஜீப் ஏறுகிற தாய்க்கு, ‘எம் பிள்ளை பள்ளிக்கூடத்துல உப்புமாவோ பொங்கலோ தின்னுருக்கும்’ என்ற நினைப்பு எவ்வளவு பெரிய நிம்மதி! இன்னொரு கணக்கும் பாருங்கள். அந்த வீட்டு மூத்த பாப்பா காலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கியிருப்பாள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அடித்துவிடுவார். கூட்டம் முடிந்ததும் இந்த ஜமுக்காளத்தைச் சுருட்ட வேண்டும், நாற்காலிகளை அடுக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பிகளா, அது இன்றைக்கு உங்கள் முறை. பாப்பாக்கள் எல்லாம் போய் விளையாடுங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை மட்டும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். காலையில் ஜீப் வந்துவிடும்.